இராமேஸ்வரத்தை "ஒரு ரவுண்டு" அடிப்பவர்கள் கவனத்துக்கு...

அரிமளத்தில் காலேஜ் படிக்கிற பையன்களைக் கேட்டுப் பாருங்கள். "இராமேஸ்வரமா? பார்த்தாச்சு" என்பார்கள். எப்போது? போன வருஷம் செமஸ்டர் லீவில். எத்தனை நாள்? ஒரே நாள். எப்படி? வாடகைக் காரில், ஐந்து பேர் உட்காரும் வண்டியில் ஏழு பேர். ஒரு தீவையே ஒரே நாளில் பார்த்து முடித்துவிட்ட பெருமை முகத்தில் தெரியும். இந்தக் கட்டுரை அந்தப் பெருமைக்கு எதிரானது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நண்பர்களோடு காரில் ஊர் சுற்றுவது பாவம் என்று இங்கே யாரும் சொல்ல வரவில்லை. அரிமளத்துப் பையனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தீவு அது ஒன்றுதான். போகத்தான் செய்வான், போகவும் வேண்டும். ஆனால் இப்படிப் போகிறவர்கள் தீவைப் பார்ப்பதே இல்லை. பார்க்காததோடு நிற்காமல், திரும்பி வந்து அதைப் பற்றி ஒரு பொய்யையும் பரப்புகிறார்கள். "பேய் நகரம்" என்பதுதான் அந்தப் பொய். அது யாரைக் குத்துகிறது என்பதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் கணக்கு.

ஒரு நாள் கணக்கு

விடிகாலை நாலரைக்குக் கிளம்புகிறார்கள். காரைக்குடி, தேவகோட்டை, தேவிபட்டினம், இராமநாதபுரம், மண்டபம். வழியில் டீ, டிபன், பின் சீட்டில் ஒருவனுக்கு வாந்தி எல்லாம் சேர்த்துப் பாலத்துக்கு வரும்போது எட்டரை மணி. ராத்திரி பத்து பதினொன்றுக்குள் வீடு திரும்ப வேண்டுமென்றால் சாயங்காலம் ஆறரைக்குத் தீவை விட்டுக் கிளம்பியாக வேண்டும். ஆக, கையில் இருப்பது பத்து மணி நேரம்.

அக்னி தீர்த்தத்தில் குளியல், கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளித் தண்ணீருக்காக ஓட்டம், ஈரத் துணியை மாற்றிக்கொண்டு சாமி தரிசனம். கூட்டத்தைப் பொறுத்து மூன்றிலிருந்து நாலு மணி நேரம் போய்விடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி. பார்க்கிங் தேட, காணாமல் போன ஒருவனைத் தேட ஒரு மணி. தனுஷ்கோடிக்குப் போக, வர, போட்டோ எடுக்க இரண்டரை மணி. பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் முக்கால் மணி. மிச்சம் இருப்பதில் இராமர் பாதம், வில்லூண்டி தீர்த்தம், கோதண்டராமர் கோயில் மூன்றுக்கும் ஆளுக்குப் பத்து நிமிஷம்!

மூன்றாம் பிராகாரத்தில் 1212 தூண்கள் இருக்கின்றன. அதை ஈர வேட்டியோடு வழுக்கி விழாமல் ஓடிக் கடக்கிறார்கள். நடுக்கடலில் நல்ல தண்ணீர் ஊறும் வில்லூண்டியில், ஒருவன் ஒரு வாய் குடித்துப் பார்த்து "ஆமாடா, உப்புக் கரிக்கல" என்கிறான். அதோடு அந்த இடம் முடிந்தது. மற்ற நேரமெல்லாம் கண்ணாடி ஏற்றிய கார், ஏசி, ஸ்பீக்கரில் பாட்டு. அரிமளத்தில் இருந்து ஏறும்போது இருந்த அதே குளிர், அதே பாட்டு, அதே பேச்சு. தீவின் காற்று எப்படி இருக்கும் என்பது பார்க்கிங்கில் இறங்கும்போதுதான் தெரிகிறது.

பாலத்தின் மேல் நிற்கும் கார்

"டேய் மாப்ள, பாலம் வந்துருச்சுடா! நிறுத்தச் சொல்லு."

"தம்பி, இங்க நிறுத்தக் கூடாதுப்பா. ஃபைன் போடுவாங்க."

"அண்ணே, ரெண்டே நிமிஷம்ணே."

லீவு நாளில் பாம்பன் பாலத்தில் இந்த உரையாடல் எத்தனை கார்களில் நடக்கிறதோ, அத்தனை கார்களும் ஓரமாக நிற்கின்றன. பாலமோ போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே தடம். ஒரு பக்கம் வரிசையாகக் கார் நின்றால் மீதிப் போக்குவரத்து ஒற்றையடிப் பாதையாகிவிடும்.

அது சுற்றுலாவுக்காகக் கட்டிய காட்சி மேடை கிடையாது. தீவுக்கு இருக்கும் ஒரே சாலை அதுதான். 1988 அக்டோபர் 2-ம் தேதி ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைக்கும் வரை, தீவுக்காரர்கள் கரைக்கு வர ரயிலை விட்டால் படகுதான். 1914-ல் திறந்த ரயில் பாலம்தான் உயிர்நாடி. 1964 புயலில் அந்தப் பாலம் சிதைந்தபோது 46 நாட்களில் சரிசெய்து ரயில் ஓட வைத்தார் பொறியாளர் ஸ்ரீதரன் (பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டியவர்). ஏன் அவ்வளவு அவசரம்? வேறு வழி இல்லாத ஜனங்கள் அந்தப் பக்கம் இருந்தார்கள். 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6-ல் புதிய தூக்குப் பாலம் திறக்கும் வரை, இரண்டு வருஷத்துக்கும் மேலாக இந்தச் சாலைப் பாலம் ஒன்றை நம்பித்தான் மொத்தத் தீவும் இருந்தது.

இன்றைக்கும் பெரிய வைத்தியம் என்றால் இராமநாதபுரத்துக்குத்தான் ஓட வேண்டும். ஆம்புலன்ஸ் வேறு எந்த வழியாகப் போகும்? "ரெண்டே நிமிஷம்ணே" என்று நிறுத்திய காருக்குப் பின்னால் நிற்கும் வரிசையில் ஒரு பிரசவ வலிக்காரியும் இருக்கலாம். ரெண்டு நிமிஷம் யாருடையது என்று யோசிக்காத அளவுக்கு அந்த போட்டோ அவ்வளவு அவசியமா?

இனி தனுஷ்கோடி

மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வண்டி தனுஷ்கோடிக்குத் திரும்புகிறது. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் நேர்க்கோடு போட்டது போல 9.5 கிலோமீட்டர் சாலை. 2017 ஜூலை 27-ம் தேதி பிரதமர் மோடி திறந்து வைத்தது. அதற்கு முன்னால் இங்கே கார் போகாது. மணலிலும் முழங்கால் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கிப் போகும் வேன்களில் தான் போக வேண்டும். இப்போது ஏழு எட்டு நிமிஷத்தில் போய்விடலாம் என்பதே பையன்களுக்குப் பெரிய விஷயம். இரண்டு பக்கமும் கடல், வளைவு இல்லை. டிரைவர் அண்ணனைக் கெஞ்சி ஸ்டியரிங்கை வாங்குகிறவன் ஒருவன், ஜன்னலில் உட்கார்ந்து வீடியோ எடுக்கிறவன் ஒருவன்.

வீடியோவுக்குத் தலைப்பு கிளம்பும்போதே முடிவாகிவிட்டது: "பேய் நகரம் தனுஷ்கோடி", "மனிதர்களே இல்லாத மர்ம ஊர்", "இரவில் போனால் திரும்ப முடியாது".

இரவில் போக முடியாது என்பது உண்மைதான். சாயங்காலத்துக்கு மேல் போலீசார் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காரணம் பேய் கிடையாது. கடல். அரிச்சல்முனையில் நீரோட்டம் எப்போது எப்படி இழுக்கும் என்று வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. குளிக்காதே என்று போர்டு இருக்கிறது. போர்டுக்குப் பக்கத்திலேயே சட்டையைக் கழற்றுகிறவர்களையும் பார்க்கலாம். அந்த ஊர் மீனவர்கள் ஒரு பக்கத்தை ஆண் கடல் என்றும் மறுபக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல், பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது ஒன்று சீறும், மற்றது அமைதியாகக் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது மாறிவிடும். வருஷத்தின் எந்த மாதத்தில் எந்தக் கரையில் வலை இழுப்பது என்ற கணக்கே இதை வைத்துத்தான். பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறவன் கண்ணுக்கு இரண்டும் ஒரே கடல்.

அந்த ஊர் என்னவாக இருந்தது என்பதாவது தெரிந்து வருகிறார்களா? 1914-லிருந்து ரயிலும் கப்பலும் சந்தித்த இடம். சென்னை எழும்பூரில் ஏறினால் போட் மெயிலில் தனுஷ்கோடி வந்து, அங்கே கப்பல் ஏறித் தலைமன்னார் போய், மறுபடி ரயிலில் கொழும்பு போகலாம். ஸ்டேஷன், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், மாதா கோயில் எல்லாம் இருந்த ஊர். இராமேஸ்வரத்தில் இருந்து யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிப் போகத் தன் தகப்பனார் படகு கட்டியதையும், ஒரு புயல் அதைக் கொண்டுபோனதையும் கலாம் "அக்னிச் சிறகுகள்" புத்தகத்தில் எழுதியிருக்கிறார். நினைவிடத்தில் ஏவுகணை மாதிரிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டு வந்த எத்தனை பேருக்கு இது ஞாபகம் இருக்கும்?

1964 டிசம்பர் 22-ம் தேதி நள்ளிரவில் வந்த புயலில் கடல் ஊருக்குள் ஏறியது. பாம்பனில் இருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடி ஸ்டேஷனைத் தொடுவதற்கு முன்பே, உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலையில் போனது. மொத்தச் சாவு ஆயிரத்தைத் தாண்டியது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. கதை சொல்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள்.

ஆனால் ஜனங்கள் முற்றுப்புள்ளி வைக்கவில்லை. கடலை விட்டால் வேறு பிழைப்பு இல்லாத மீனவக் குடும்பங்கள் அங்கேயே குடிசை போட்டன. இன்றும் இருக்கின்றன. பனை ஓலையும் தென்னங்கீற்றும் வேய்ந்த வீடுகள். மணலில் கையால் தோண்டிய ஊற்றில் குடிதண்ணீர். கரைவலை இழுப்பது பிழைப்பு. பிள்ளைகள் படிக்க அரசுப் பள்ளிக்கூடம் இருக்கிறது. பள்ளிக்கூடம் இருக்கிற பேய் நகரத்தை உலகத்தில் வேறு எங்காவது யாராவது பார்த்ததுண்டா?

இடிந்த மாதா கோயில் பக்கத்தில் சங்கு, சிப்பி மாலை விற்கிற அக்கா அந்த ஊர்க்காரர்தான். அவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசி, மாலையை வாங்கி, அதே இடத்தில் நின்று "இங்க யாருமே இல்ல மக்களே" என்று கேமராவைப் பார்த்துச் சொல்கிறார்கள். கேமராவுக்குப் பின்னால் நின்று அந்த அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறார். இதைவிட வேடிக்கை இருக்க முடியாது. இதைவிட அவமானமும் இருக்க முடியாது.

பொய்யால் யாருக்கு நஷ்டம்?

"ஒரு தலைப்புதானே, விடுப்பா" என்று சொல்லலாம். விட முடியாது. 1964-க்குப் பிறகு பல பத்தாண்டுகளாக அந்தக் குடிசைகளுக்கு மின்கம்பி போகவில்லை. மண்ணெண்ணெய் விளக்கிலும் பிறகு சோலார் விளக்கிலும்தான் பிள்ளைகள் படித்தன. காய்ச்சல் என்றால் இருபது கிலோமீட்டர் தள்ளி இராமேஸ்வரம் போக வேண்டும். ஓர் ஊரில் ஆள் இருக்கிறார்கள் என்று உலகத்துக்குத் தெரிந்தால்தான் "அங்கே ஏன் கரண்ட் இல்லை, ஏன் டாக்டர் இல்லை?" என்று யாராவது கேட்பார்கள். அங்கே யாரும் இல்லை, பேய்தான் இருக்கிறது என்று ஊர் ஊராகச் சொல்லி வைத்தால் யார் கேட்பார்கள்? நாளைக்கு அந்தக் கரையில் பெரிய திட்டம் ஏதாவது வந்து "காலி இடம்தானே" என்று சொன்னால், அந்தக் குடிசைகளுக்காகப் பேச எத்தனை பேர் வருவார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. நிலம் முடிகிற இடம் என்று எல்லோரும் செல்ஃபி எடுக்கும் அரிச்சல்முனையில் இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். 1980-களில் தொடங்கி போர் நடந்த வருஷங்களில் ஈழத்தில் இருந்து உயிர் தப்பி வந்தவர்கள் படகில் வந்து இறங்கிய கரைகளில் அதுவும் ஒன்று. 2022 மார்ச்சில் இலங்கையில் அரிசி, பால்மாவு வாங்க முடியாத நெருக்கடி வந்தபோதும் கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் அந்த மணல் திட்டுகளில் வந்து இறங்கின. பையன்களுக்கு அது நிலம் முடிகிற இடம். அவர்களுக்கு அதுதான் நிலம் ஆரம்பிக்கிற இடம்.

கார் நிற்காத மீதித் தீவு

தீவு என்றால் கோயிலும் தனுஷ்கோடியும் மட்டும்தானா? பாலத்தை விட்டு இறங்கியதும் பாம்பன், பிறகு அக்காள்மடம், தங்கச்சிமடம். கார் எண்பதில் கடந்துவிடும் ஊர்கள் இவை. பாம்பனுக்குத் தெற்கே சின்னப்பாலம் என்று ஒரு மீனவக் குப்பம். அங்கே பெண்கள் கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். பாறையில் கை கிழியாமல் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கிப் போய் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து வருவார்கள். ஐஸ்கிரீமில் இருந்து மருந்து மாத்திரை வரை பயன்படும் அகர் அதில் இருந்துதான் வருகிறது. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, பாட்டி காலத்தில் இருந்து போய்வந்த இடங்களுக்குப் போக முடியாமல் வனத்துறையோடு அவர்களுக்கு ஓயாத இழுபறி. பாசி திரும்ப வளர வேண்டும் என்று அவர்களே பேசி வைத்து, பறிக்கும் நாட்களைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதைப் பார்க்க டிக்கெட் கிடையாது. காரில் இருந்து தெரியவும் தெரியாது.

இராமேஸ்வரம் கடற்கரையில் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் வரிசையாக நிற்கும் காட்சி கொள்ளை அழகு. எல்லோர் போனிலும் அந்தப் படம் இருக்கிறது. படகு ஏன் நிற்கிறது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலமாக இருக்கலாம். விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று வாரத்தைப் பிரித்திருக்கும் முறை நாளாக இருக்கலாம். இல்லையென்றால், இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன ஆட்களை விடச் சொல்லி நடக்கும் வேலைநிறுத்தமாக இருக்கலாம். அப்படியென்றால் அந்த அழகான படத்தில் இருப்பது ஒரு வீட்டின் பட்டினி.

குளிர் மாதங்களில் தனுஷ்கோடிச் சேற்று நிலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். 2025 ஜூனில் தமிழக அரசு அந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. அவற்றைப் பறக்க வைத்து வீடியோ எடுப்பதற்காக ஹாரன் அடிக்கிறவர்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

"ஆனால்..." என்கிறவர்களுக்கு

முதல் கேள்வி: காசு. ஒரு நாள் கார் வாடகையே கஷ்டப்பட்டுச் சேர்த்தது, தங்குவதற்கு எங்கே போவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் புதுக்கோட்டையிலோ காரைக்குடியிலோ ஏறினால் திருச்சி - இராமேஸ்வரம் ரயில் புதிய பாலத்தின் மேலேயே கொண்டுபோய் விடும். கார் வாடகை, டீசல், டிரைவர் பேட்டா மூன்றையும் கூட்டி ரயில் டிக்கெட்டைக் கழித்தால், கிடைக்கும் மிச்சத்தில் ஏழு பேர் ஒரு ராத்திரி தங்கலாம். தீவுக்குள் டவுன் பஸ் அரிச்சல்முனை வரை போகிறது. கார் கட்டாயம் என்பது பழக்கம்தான், கணக்கு கிடையாது.

இரண்டாவது: சாலை வந்ததால்தானே அந்த ஜனங்களுக்குக் கடை, வியாபாரம்? உண்மை. மணலில் உருளும் வேனுக்குக் காத்திருந்த காலத்தை அவர்களும் திரும்பக் கேட்க மாட்டார்கள். சாலைக்கு யாரும் எதிரி கிடையாது. ஆனால் பத்து நிமிஷம் நிற்கும் கார் அங்கே விட்டுப் போவது ஒரு சிப்பி மாலைக் காசும், ஒரு மூட்டை பிளாஸ்டிக் பாட்டிலும்தான். அரை நாள் இருக்கிறவன் மீன் சாப்பிடுவான், டீ குடிப்பான், நாலு வார்த்தை பேசுவான்.

மூன்றாவது: தாத்தா காலத்திலும் ஒரு நடை போய் வந்துவிடுவார்களே என்பது. இது சுத்தப் பொய். தங்கச்சிமடம், அக்காள்மடம், முகுந்தராயர் சத்திரம் என்ற பெயர்களையே பாருங்கள். மடமும் சத்திரமும் எதற்கு? வந்தவர்கள் தங்கினார்கள். தங்குவதற்குச் சேதுபதிகள் வழிநெடுக இடம் கட்டி வைத்தார்கள். அரிமளத்துக்காரர்கள் தினமும் பார்க்கும் திருமயம் கோட்டையே 1687-ல் கிழவன் சேதுபதி கட்டியதுதான். புதுக்கோட்டையைத் தொண்டைமானுக்குக் கொடுத்தவரும் அவர்தான். அந்தச் சீமைக்கும் இந்தச் சீமைக்கும் இருந்த போக்குவரத்து நடையிலும் மாட்டு வண்டியிலும் நடந்தது. மண்டபத்துக்குப் பக்கத்தில் தோணித்துறை வரை வந்து, காற்றுக்குக் காத்திருந்து, தோணி ஏறினார்கள். நாள் கணக்கில் ஆனது. அந்த நாட்களில் அவர்கள் பேசிய ஜனங்கள் எத்தனை பேர்!

சரி, என்னதான் செய்வது?

பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒரு ராத்திரி தங்க வேண்டும். கோயிலை விடிகாலையில் முடித்துவிட்டு, பிராகாரத்தில் ஒரு சுற்று மெதுவாக நடக்க வேண்டும். கார்தான் என்றால் பாலத்தில் நிறுத்தாமல் பாம்பனில் இறங்கி, நடந்து திரும்பி வந்து பாலத்தைப் பார்க்கலாம். தனுஷ்கோடிக்குக் காலையில் பஸ்ஸில் போனால் கரைவலை இழுப்பதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. இடிந்த சுவர்களில் பெயர் கிறுக்கக் கூடாது. அத்தனை பேர் செத்த இடத்தில் தாவணிக்கார லவ்வர் பெயர் எதற்கு? :-) கொண்டுபோன பாட்டிலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மாலை விற்கிற அக்காவிடம் விலை கேட்பதோடு, கரண்ட் வந்துவிட்டதா, பிள்ளை எத்தனாவது படிக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

இதில் எதையும் செய்ய முடியாது, நேரமே இல்லை என்கிறவர்கள் ஒன்றே ஒன்று செய்யலாம். படம் போடும்போது "பேய் நகரம்" என்று எழுதாமல் இருக்கலாம். "தனுஷ்கோடி, இராமநாதபுரம் மாவட்டம். இங்கே ஆட்கள் வசிக்கிறார்கள்" என்று எழுத அதிகமாக அரை நிமிஷம் ஆகும். காசு எதுவும் செலவாகாது.